கடலில் இறங்கிய காலர் மைக்: ஒரே நாளில் மூன்று கோளாறு

சென்னை ஈசிஆர் பக்கம் ஒரு கடற்கரை, மே மாத வெயில், சினிமா படப்பிடிப்பு. தங்கை இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். அண்ணன் கரையிலிருந்து ஓடிவந்து அலைக்குள் இறங்கி அவளோடு வாக்குவாதம் செய்கிறான். டப்பிங் வேண்டாம், ஸ்பாட்டில் பேசுவதையே பதிவு செய்யும் சிங்க் சவுண்டில் எடுக்கலாம் என்று முடிவானது. ஃப்ரேம் அகலம், கழியில் கட்டிய பூம் மைக் கிட்டே போக வழியில்லை. அதனால் இருவருக்கும் உடையில் மறைத்து மாட்டும் காலர் மைக். வாடகைக்கு வந்த ட்ரான்ஸ்மிட்டர்கள் (மைக் ஒலியை ரேடியோ அலையாக அனுப்பும் பெட்டிகள்) இரண்டும் ஒரே வகை, தண்ணீர் புகாதவை: இரண்டு ஏஏ லித்தியம் செல், 600 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை, 100 மில்லிவாட் திறன், தூசி, நீர்த் தடுப்புத் தரக்குறியீடு ஐபி 57. தங்கையின் பெட்டி புடவைக்குள் இடுப்புப் பட்டையில் இருந்தது. அண்ணனுடையது முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே. ரிசீவர் வண்டி சுமார் 40 மீட்டர் தள்ளி, மணல்மேட்டில்.

முதல் டேக்கிலேயே தங்கையின் ஒலி அறுந்தது. அலை ஏறினால் போய்விடும், வடிந்தால் திரும்பிவிடும். பதினோரு மணி வாக்கில் அண்ணனின் குரல் மந்தமானது, பிறகு எண்ணெயில் பொரிவதுபோல் ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. அவருடைய ரிசீவரிலோ சிக்னல் கோடுகள் அத்தனையும் நிறைந்தே இருந்தன. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு புதுச் செல் போட்டு இறங்கிய தங்கையின் ட்ரான்ஸ்மிட்டர் சில நிமிடங்களில் முற்றிலும் அணைந்துபோனது. திறந்தால் செல் அறைக்குள் தண்ணீர்.

"வாட்டர்ப்ரூஃப்னு சொன்னதே பொய் சார்" என்பதுதான் ஸ்பாட்டில் எல்லோரும் சொன்னது. பெட்டிகளைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது வேறு. மூன்று கோளாறுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள். அவற்றில் ஒன்றில் மட்டும்தான் பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தது. தண்ணீர் உள்ளே போகாமல் இருப்பது ஒரு சங்கதி, தண்ணீருக்குள்ளிருந்து வேலை செய்வது இன்னொரு சங்கதி. ஐபி குறியீடு முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது, அதையும் சில நிபந்தனைகளோடு.

முதலில் சந்தேகம் அலைவரிசை மேல் போனது. சென்னையில் அது நியாயமான சந்தேகமே. 2022 ஏலத்துக்குப் பிறகு 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் ஒரு பகுதி 5ஜிக்குப் போய்விட்டது. அந்தப் பட்டையில் வாங்கிய பழைய மைக் செட்டுகளை வைத்திருப்பவர்கள் இடையூறைச் சந்திக்கலாம். இந்தச் செட் அதற்குக் கீழே இயங்குவது. ட்ரான்ஸ்மிட்டர்களை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்து பார்த்ததில் பட்டை சுத்தமாக இருந்தது. வெளி இடையூறு என்ற கேள்வி அதோடு முடிந்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

மின்னணுப் பகுதி சாதாரண பாடி பேக்கில், அதாவது உடம்பில் மாட்டும் வழக்கமான ட்ரான்ஸ்மிட்டரில் இருப்பதுதான். காலர் மைக்கின் தலையில் ஒரு எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல்: நிரந்தரமாக மின்னேற்றம் பிடித்து வைக்கப்பட்ட ஒரு தகடும், அதன் முன் அதிரும் மெல்லிய சவ்வும். சவ்வு அசைந்தால் நுண்ணிய மின்னழுத்தம் பிறக்கிறது. கேப்ஸ்யூலின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு டிரான்சிஸ்டர் அதைக் கேபிளில் அனுப்பக்கூடிய அளவுக்கு மாற்றித் தருகிறது. அந்த டிரான்சிஸ்டர் இயங்கத் தேவையான சில வோல்ட் பயாஸ் மின்னழுத்தம், ட்ரான்ஸ்மிட்டரிலிருந்து அதே கேபிள் வழியாகப் போகிறது. பெட்டிக்குள் மைக்கின் சிறு சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப், கத்தினால் பிளந்துவிடாமல் காக்கும் லிமிட்டர், பிறகு அனலாக் வகையானால் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்பாண்டர், டிஜிட்டல் வகையானால் குறியாக்கம். அடுத்து அலைவரிசையைப் பிடித்து வைக்கும் பிஎல்எல் சுற்று, பவர் ஆம்ப், வடிகட்டி, கடைசியில் ஆன்டெனா.

தண்ணீர் புகாத வகையின் வேலைப்பாடெல்லாம், பெட்டி வெளியுலகைத் தொடும் ஐந்து இடங்களில் இருக்கிறது: செல் மூடி, மைக் சாக்கெட், ஆன்டெனாவின் அடி, பட்டன்களும் டிஸ்ப்ளேயும், காற்றுத் துவாரம்.

பட்டன்களுக்கு மேல் ஒரே துண்டாக ரப்பர் சவ்வு. டிஸ்ப்ளேக்கு ஒட்டிய கண்ணாடி. இந்த இரண்டில் கோளாறு வருவது அரிது. சில மாடல்களில் அலைவரிசையையும் கெயினையும் (ஒலியைப் பெருக்கும் அளவு) மாற்ற மைக் அருகே ஒரு ஒலிக்குறியை ஒலித்தாலே போதும், பெட்டியைத் தொடவே வேண்டாம். ஈரத்தில் இது பெரிய வசதி. மைக் சாக்கெட்டில் சாதாரண மினி கனெக்டர்தான் இருக்கும், ஆனால் அதைச் சுற்றித் திருகும் ஒரு வளையமும் அதற்குள் ஓ-ரிங்கும் (தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையம்) உண்டு. மரை கடைசி வரை திருகப்படாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

செல் மூடியின் ஓ-ரிங்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அது உட்காரும் பள்ளம், ரிங்கின் தடிமனைவிட ஆழம் குறைவு. மூடியைத் திருகி இறுக்கும்போது ரப்பர் தன் தடிமனில் 15 முதல் 25 சதவீதம் நசுங்குகிறது. நசுங்கிய ரப்பர் இரண்டு பக்கமும் உலோகத்தை அழுத்திப் பிடிக்கிறது. வெளியிலிருந்து தண்ணீர் தள்ளத் தள்ள ரிங் பள்ளத்தின் மூலைக்குப் போய் இன்னும் இறுக்கமாக உட்காரும். நல்ல வடிவமைப்பு. ஆனால் ரிங்குக்குக் குறுக்கே ஒரு முடியோ நூலோ கிடந்தால், அதன் இரு ஓரமும் முக்கோண வடிவில் ஒரு சந்து விழும். எவ்வளவு இறுக்கினாலும் அது மூடாது. மேலும் இறுக்கினால் ரிங்கில் வெட்டு விழும், அவ்வளவுதான்.

காற்றுத் துவாரம் பலர் கவனிக்காதது. மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். அந்த அழுத்த மாற்றம் சீல்களின் தலையில் விழாமல் இருக்க, குண்டூசித் தலை அளவில் ஒரு துளையிட்டு அதன் மேல் இ-பிடிஎஃப்இ (நுண்துளைகள் கொண்ட டெஃப்லான் வகை) சவ்வு ஒட்டியிருப்பார்கள். அதன் நுண்துளைகளில் காற்று போகும், தண்ணீர் போகாது. தண்ணீரின் பரப்பு இழுவிசைதான் அதைத் தடுக்கிறது. அதனால் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் எதுவும் இந்தச் சவ்வுக்கு எதிரி: சோப்பு, ஷாம்பு, சன்ஸ்க்ரீன், மேக்கப் ரிமூவர். உடம்பில் தேங்காய் எண்ணெய் பூசிய மீனவர் வேடத்துக்கு மைக் மாட்டும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

முதல் கோளாறு: அலை ஏறினால் ஒலி அறுவது

இதில் பெட்டிக்கு எந்தக் குறையும் இல்லை. குறுக்கே நின்றது கடல்நீர்.

கடல்நீரில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆகவே ரேடியோ அலையை நன்றாக விழுங்கும். 600 மெகாஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் ஒவ்வொரு சென்டிமீட்டர் கடல்நீருக்கும் சுமார் 7 டெசிபல் இழப்பு. 10 சென்டிமீட்டர் ஆழத்தில் 70 டெசிபல், அதாவது கிளம்பிய சக்தியில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் மேற்பரப்பை எட்டும். எட்டியதிலும் செங்குத்தை ஒட்டிய சில டிகிரிக்குள் வருவது மட்டுமே வெளியேறும். மீதி மேற்பரப்பில் மோதி உள்ளேயே திரும்பிவிடும். போதாக்குறைக்கு ஆன்டெனாவே தடம் மாறிவிடுகிறது. காற்றில் 600 மெகாஹெர்ட்ஸின் கால் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். தண்ணீருக்குள் அலைநீளம் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குவதால், காற்றுக்கு வெட்டிய ஆன்டெனா அங்கே பொருந்தாது.

திறனைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பது வழக்கம். 100 மில்லிவாட்டை 250 ஆக்கினால் கிடைப்பது 4 டெசிபல், அதாவது அரை சென்டிமீட்டர் சொச்சம் கடல்நீருக்கு ஈடு. ரிசீவர் ஆன்டெனாவை 40 மீட்டரிலிருந்து 15 மீட்டருக்கு நகர்த்தினால் எட்டரை டெசிபல்: ஒரு சென்டிமீட்டரும் கொஞ்சமும். திசை ஆன்டெனா வைத்தால் இன்னொரு 6 டெசிபல். மூன்றையும் சேர்த்தால் இரண்டரை சென்டிமீட்டர். அலையோ முழம் முழமாக ஏறுகிறது.

இதே பெட்டி மழைக்காட்சியில் நன்றாக ஓடும், ஏனென்றால் அங்கே ஆன்டெனாவின் மேல் இருப்பது மெல்லிய நீர்ப்படலம்தான். லாரித் தண்ணீரின் உப்பும் கடலோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை: சற்று உப்பான போர் தண்ணீரானாலும் சென்டிமீட்டருக்கு ஒரு டெசிபலுக்கும் கீழே. ஆனால் கடல்நீரில் ஊறிய பட்டுப்புடவை நான்கு மடிப்பாக ஆன்டெனாவோடு ஒட்டிக்கொண்டால், இழப்பு கணிசமாகக் கூடிவிடும். தங்கையின் ஒலி அலை வடிந்த பிறகும் சில நேரம் தாமதித்துத் திரும்பியது இதனால்தான்.

ஆகவே தீர்வு உயரம். ட்ரான்ஸ்மிட்டரைத் தண்ணீர்மட்டத்துக்கு மேலே கொண்டுபோவதைத் தவிர வேறு வழி கிடையாது. பெண்களுக்குக் கொண்டை அருமையான இடம். சின்ன வகைப் பெட்டியை நியோப்ரீன் உறையில் வைத்து, மண்டைக்கும் பெட்டிக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் ஃபோம் கொடுத்து, மேலே முடியைச் சுற்றிப் பூ வைத்துவிட்டால் கேமராவுக்குத் தெரியாது. ஆன்டெனா நிமிர்ந்து, உடம்பைவிட்டு விலகி நிற்கும். மைக் நெற்றி வகிட்டின் ஓரத்தில். மீனவர் வேடமானால் தலைத்துண்டு இருக்கிறது. வேறு எங்கும் இடமில்லை என்றால் பிடரிக்குக் கீழே, ஆன்டெனா மேல்நோக்கி. தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது.

ஆள் முழுவதும் மூழ்கித்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளேயே மெமரி கார்டில் பதிவு செய்யும் வகைப் பெட்டியை எடுக்க வேண்டும். ரேடியோ அறுந்தாலும் கார்டில் ஒலி தொடரும். நேரக் குறியீடான டைம்கோடை வைத்துப் பிறகு படத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கோளாறு: சிக்னல் முழுசு, குரல் மந்தம்

ரிசீவரில் சிக்னல் நிறைந்திருக்கிறது என்றால் ரேடியோ பக்கம் நலம், கோளாறு மைக் பக்கம். இந்த ஒரு விதி பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

மந்தமும் பொரியலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால் ஒரே நோயின் இரண்டு கட்டம் என்று தோன்றியது. இரண்டும் வேறு. மந்தத்துக்குக் காரணம் கேப்ஸ்யூலின் தொப்பியில் நின்ற ஒரு நீர்ப்படலம். ஒரு மில்லிமீட்டர் அளவுத் துளையைத் தண்ணீர் தன் பரப்பு இழுவிசையாலேயே அடைத்துக்கொள்ளும். அப்போது கீழ்ச்சுரம் ஓரளவு நுழையும், மேல்சுரம் நின்றுபோகும். ச, ஷ எல்லாம் மழுங்கும். தொப்பியைக் கழற்றி உதறிவிட்டு, உலர்ந்த மாற்றுத் தொப்பி போட்டதும் குரல் தெளிந்தது. கேப்ஸ்யூலின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் துளி தங்குவது பெருமளவு குறையும். மேல்நோக்கி இருந்தால் அது துளிக்குக் கிண்ணம்.

பொரியல் சத்தம் அப்போதும் போகவில்லை. அதன் மூலத்தைத் தேட இரண்டு இடம் உண்டு. ஒன்று கேப்ஸ்யூலின் உள்ளே. அங்கே டிரான்சிஸ்டரின் வாசலில் மின்தடை கிகாஓம் (நூறு கோடி ஓம்) கணக்கில். கண்ணுக்குத் தெரியாத உப்பு ஈரம் ஒரு கோடு இழுத்தால் போதும், மின்னேற்றம் கசிந்து பட்பட்டென்று சத்தம் வரும். கேப்ஸ்யூலின் சவ்வுக்குப் பின்னாலும் அழுத்தத்தைச் சமன் செய்ய ஒரு நுண்துளை உண்டு, அது இல்லாவிட்டால் வானிலை மாறினாலே சவ்வு உப்பும் ஒட்டும். அந்தத் துளை வழியாகக் கடற்காற்றின் ஈரம் மெல்லப் போய்ச் சேரும். இரண்டாவது இடம் கேபிள்.

இங்கே அது கேபிள்தான். விரலால் கேபிளை நீவிக்கொண்டே போனதில், கனெக்டரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தொட்டபோது சத்தம் ஏறி இறங்கியது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மேலுறையில் இரண்டு துளை, நேருக்கு நேர்: சேஃப்டி பின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்த தடம். சட்டையின் உள்பக்கம் கேபிள் நழுவாமலிருக்க குத்திய ஊக்கு அது. உறையை நீளவாக்கில் கீறித் திறந்தபோது, செம்பு வலை துளையிலிருந்து கனெக்டரை நோக்கிக் கறுத்துப் பச்சை பிடித்திருந்தது. எதிர்ப்பக்கம் கொஞ்சதூரம் மட்டுமே. வலையின் இழைகளுக்கிடையே தண்ணீர் தானாகவே ஊர்ந்து ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல. பயாஸ் மின்னழுத்தம் இருக்கும் கம்பிக்கும் வலைக்கும் நடுவே உப்புநீர் பாலம் போட்டது, மின்னாற்பகுப்பு தொடங்கியது, சத்தம் பிறந்தது.

நல்லவேளையாக இந்தப் பெட்டியின் சாக்கெட் சீல் கேபிளின் வெளியே மட்டுமல்லாமல் பின்களைச் சுற்றியும் அடைப்புள்ள வகை. இல்லாவிட்டால் ஊக்குத் துளையில் நுழைந்த தண்ணீர் கேபிளையே குழாயாக்கிக்கொண்டு பெட்டிக்குள் போயிருக்கும். கேபிளைப் பிடித்து வைக்க மருத்துவ டேப்போ, துணியில் தைத்த சிறு வளையமோ போதும். காஸ்ட்யூம் அசிஸ்டன்ட் "ஊக்கு குத்தினாத்தான்ணே நிக்கும்" என்றால், ஊக்கை வளையத்தில் குத்தச் சொல்ல வேண்டும், கேபிள் பக்கமே வரக் கூடாது.

மூன்றாவது கோளாறு: பெட்டிக்குள் தண்ணீர்

காலை முழுவதும் அதே அலையில், அதே ஆழத்தில் நின்ற பெட்டி இது. காலையில் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. மதியம் சில நிமிடத்தில் நிரம்பியது. இடையில் மாறியது செல் மட்டும்.

செல் மாற்றிய விதம் இது: சாப்பாட்டு வேளையில் பெட்டி வெயிலில், கறுப்பு உறைக்குள் கிடந்தது. தொட்டால் சுடுகிற சூட்டில், 55 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், மூடியைத் திறந்து செல் மாற்றி மூடினார்கள். உள்ளே அடைபட்டது சூடான, விரிந்த காற்று. நேராகக் கடலில் இறங்கினார்கள். மே மாதத்தில் நம் கடல் 29 டிகிரி அளவில் இருக்கும். 55 இலிருந்து 29க்கு இறங்கினால் உள்காற்றின் அழுத்தம் 8 சதவீதம் குறையும். அது 80 சென்டிமீட்டர் ஆழத்துத் தண்ணீர் தரும் அழுத்தத்துக்குச் சமம். ஆள் இடுப்பளவில் நிற்கும்போதே பெட்டியின் சீல் முக்கால் மீட்டருக்கும் மேலான கூடுதல் ஆழத்தை உணர்ந்துகொண்டிருந்தது. நிஜ ஆழம் முப்பது நாற்பது சென்டிமீட்டர் அதோடு சேர்கிறது. அலை வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்து அறைந்தால் அந்தக் கணத்தில் மட்டும் இன்னொரு 80 சென்டிமீட்டர். மொத்தம் இரண்டு மீட்டரைத் தொடுகிறது.

ஐபி 57இல் உள்ள 7 என்ன சொல்கிறது? ஐஇசி 60529 தரநிலைப்படி அசையாத நன்னீரில் 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம். அதோடு யாரும் படிக்காத ஒரு நிபந்தனையும் இருக்கிறது: தண்ணீருக்கும் பெட்டிக்கும் வெப்பநிலை வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இங்கே வித்தியாசம் 26. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 7 வாங்கிய பெட்டி 5, 6 ஆகிய பீய்ச்சும் நீர்ச் சோதனைகளில் தேறியதாக அர்த்தமில்லை, அவை தனிச் சோதனைகள். ஃபயர் எஞ்சின் குழாயை நேராகப் பீய்ச்சி எடுக்கும் மழைக்காட்சிக்கு 7 மட்டும் உத்தரவாதம் ஆகாது.

இந்த அழுத்த வேறுபாட்டைத் தீர்க்கத்தான் காற்றுத் துவாரம் இருக்கிறது. அது ஏன் தீர்க்கவில்லை? பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது புரிந்தது. எந்த நடிகருக்கு எந்தப் பெட்டி என்று அடையாளம் வைக்க ஒட்டிய எண் ஸ்டிக்கர், கச்சிதமாகத் துவாரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. துவாரம் அடைபட்டதால் உறிஞ்சல் முழுவதும் ஓ-ரிங் மேல் விழுந்தது. ரிங்கின் மேலோ, செல் மாற்றும்போது புடவை முந்தானையிலிருந்து வந்த ஒரு சரிகை இழை குறுக்காகக் கிடந்தது. லென்ஸில் பார்க்கும்போது ரப்பரில் அது பதிந்த பள்ளமும், பள்ளத்தின் இரு கரையிலும் உப்பு படிந்த கோடும் தெளிவாகத் தெரிந்தன.

ஸ்டிக்கர் மட்டும் இருந்திருந்தால் ரிங் தாங்கியிருக்கலாம். இழை மட்டும் கிடந்திருந்தால் ஈரம் கசிந்திருக்கும், ஆனால் இப்படி நிரம்பியிருக்காது. சூடு உறிஞ்சியது, ஸ்டிக்கர் வழியை அடைத்தது, இழை கதவைத் திறந்தது.

நனைந்த பெட்டியை மீட்டது

உப்புநீர் புகுந்த பெட்டியில் நேரம்தான் எல்லாம். 3 வோல்ட் கிடைத்தாலே உப்புநீரில் செம்பு கரையத் தொடங்கும். வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்ப்பதுதான் செய்யக்கூடாத முதல் காரியம். மூடியை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்கக் கூடாது, மின்னாற்பகுப்பில் ஹைட்ரஜன் சேர்ந்து அழுத்தம் ஏறியிருக்கலாம்.

செல்லை எடுத்ததும் பெட்டியை டிஸ்டில்டு வாட்டரில் மூன்று முறை அலசினார்கள், ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் கூடாது, சென்னைக் குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பே மறுபடி படியும். பிறகு 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒரு அலசல். கடையில் 70 சதவீதம் என்று எழுதியதைத் தந்தால் வேண்டாம், மீதி 30 தண்ணீர். சர்க்யூட் போர்டு தனி சீலுக்குப் பின்னால் இருந்ததால் அதன் ஒரு ஓரத்தில் மட்டுமே ஈரம் எட்டியிருந்தது. அங்கே மென்மையான பிரஷ். 45 டிகிரி அளவில் மெல்லிய சூட்டில் ஓர் இரவு. அரிசியில் புதைப்பது வேண்டாம். அது தூசியும் மாவும் சேர்க்குமே தவிர உப்பை எடுக்காது. பச்சை பிடித்த செல் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியிருந்தது, மற்றபடி பெட்டி பிழைத்தது. மைக் கேப்ஸ்யூலுக்கு ஆல்கஹால் காட்டவில்லை. தொப்பியைக் கழற்றி டிஸ்டில்டு வாட்டரில் முக்கி எடுத்து, வாய் கீழாகத் தொங்கவிட்டு உலர்த்தியது.

அடுத்த ஷெட்யூலுக்கு முன் செய்த சோதனை

கசிவு இருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் முக்குவது தவறு. கசிந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். வெந்நீர்தான் சரி. ஏசி அறையில் 24 டிகிரியில் இருக்கும் பெட்டியைச் செல் இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பர் வைத்து மூடி, 45 டிகிரி வெந்நீரில் அமிழ்த்த வேண்டும். உள்காற்று விரிந்து வெளியே தள்ளும். கசிவு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து குமிழி வரிசையாகக் கிளம்பும். தண்ணீர் உள்ளே வராது, கசியும் இடமும் கண்ணுக்குத் தெரியும். துவாரத்திலிருந்து நுண்குமிழிகள் மெல்ல வருவது இயல்பு. மூடி ஓரத்திலோ சாக்கெட்டிலோ வந்தால் சீல் சரியில்லை. ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் ஆறும் முன் எடுத்துவிட வேண்டும். ஆறவிட்டால் உறிஞ்ச ஆரம்பிக்கும்.

ஓ-ரிங் கிரீஸ் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. கறுப்பு நைட்ரைல் ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் நல்லது. சிலிக்கான் ரிங்குக்கு அதே கிரீஸைத் தடவினால் ரிங் உப்பிப் பள்ளத்தில் உட்காராது. நிறத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. ரிங் எந்த ரப்பர் என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். தடவுவதும் பளபளப்பு வரும் அளவுக்குத்தான், அப்பினால் மணல் ஒட்டும்.

செல் போடும் வழக்கமும் மாறியது. வெயிலில் திறப்பதில்லை, கேரவனின் ஏசியில்தான். இதில் இரண்டு லாபம். கடற்கரையில் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் 24 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரி, 50 சதவீத ஏசி அறையில் 11 கிராம்தான், ஆகவே உள்ளே வியர்க்கும் அபாயம் குறைவு. அதோடு 24 டிகிரியில் மூடிய பெட்டி 29 டிகிரிக் கடலில் இறங்கும்போது உள்ளழுத்தம் சற்றுக் கூடுகிறது, அதாவது சீல்கள் உள்ளிருந்து வெளியே தள்ளப்படுகின்றன, தண்ணீருக்கு அழைப்பு இல்லை. வெயிலில் சூடாகிவிட்ட பெட்டியானால் முதலில் நிழலில், ஈரத்துணியால் சுற்றி ஆறவைத்த பிறகே இறங்க வேண்டும். துவாரம் திறந்திருந்தால் அந்த நேரத்தில் அழுத்தம் தானாகச் சமனாகிவிடும். எண் ஸ்டிக்கர் இப்போது மூடியின் நெற்றியில்.

தங்கையின் பெட்டி கொண்டைக்குப் போனது, ரிசீவர் ஆன்டெனா 15 மீட்டருக்கு வந்தது. அலை தோளைத் தொட்டபோதும் ஒலி அறாமல் வந்தது. ஒரு பெரிய அலை தலைக்கு மேல் போன டேக்கில் மட்டும் அறுந்தது, அங்கே வசனமும் இல்லை. அதே ஷெட்யூலில் இரவு மழைக்காட்சி இருந்தது. அங்கே ட்ரான்ஸ்மிட்டர்கள் எந்தத் தொல்லையும் தரவில்லை, தொல்லை தந்தது துளிகள் தகரக் கூரையில் விழும் சத்தம். கேமராவுக்குத் தெரியாத இடங்களில் ரப்பரைஸ்டு தென்னைநார் மெத்தைத் துண்டுகளைப் பரப்பி அதை அடக்கினார்கள். தண்ணீர் புகாத பெட்டி பற்றாக்குறையாகி, துணை நடிகர் ஒருவருக்குச் சாதாரண பாடி பேக்கைக் காண்டமில் போட்டு மாட்ட வேண்டி வந்தது. மழைக்கு அது தாங்கும். ஆனால் உயவு தடவாத வகையாக இருக்க வேண்டும், உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று, வாய்ப்பக்கம் கீழ்நோக்கி, கேபிள் கட்டுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டுச் சொட்டு வடிய வழி செய்ய வேண்டும். எண்ணெய் பட்டால் காண்டமின் லேடெக்ஸ் ரப்பர் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும். தேங்காய் எண்ணெய் தடவிய முதுகில் துணி உறை இல்லாமல் வைக்கவே கூடாது.

படப்பிடிப்பு முடிந்து பேக்கப் ஆனதும் பெட்டிகளை மூடியபடியே நன்னீரில் அலசி, துவாரத்தின் மேல் உப்பு காயும் முன் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகு மூடி கீழ்ப்பக்கம் பார்த்திருக்கத் திறந்தார்கள். விளிம்பில் தொங்கும் சொட்டு உள்ளே விழாமல் இருக்க அதுதான் வழி. வாடகைக்குத் திரும்பும்போது ஒவ்வொரு பெட்டியோடும் பழைய ஓ-ரிங்கும் ஒரு சீட்டும் போனது: எத்தனை முறை கடலில் இறங்கியது, மூடி எங்கே திறக்கப்பட்டது, புது ரிங் எப்போது போட்டது.